ஆர்மோனியப் பெட்டியும் செங்கொடியும்
பண்ணைபுரத்து அண்ணன்-தம்பிகள் வளர்ந்த கதை

ஒரு பக்கம் மலை. எதிர்ப் பக்கமும் மலை. நடுவே பச்சைப்பசேல் என்று வயல்.

தேனியில் பஸ் ஏறி, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று போனால், வழி நெடுக வாழையும் தென்னையும் திராட்சைக் கொடியும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். அதுதான் கம்பம் பள்ளத்தாக்கு. 1895-ம் ஆண்டில் பெரியாறு அணையைக் கட்டி, மேற்கே ஓடிய தண்ணீரைக் கிழக்கே திருப்பிவிட்டார் பென்னிகுயிக் என்ற வெள்ளைக்கார என்ஜினீயர். அந்தத் தண்ணீரில் வளர்ந்த பசுமை இது.

ஆனால் பச்சை எல்லோருக்கும் சொந்தமாக இருக்கவில்லை. நிலம் இருந்தவன் வயலில் நின்றான். நிலம் இல்லாதவன் மலை ஏறினான்.

மேலே ஏலத்தோட்டம், அதற்கும் மேலே தேயிலைத் தோட்டம். ஆள் பிடித்துக் கொண்டுபோக ஒரு கங்காணி. கொழுந்து கிள்ளப் பெண்கள். மூட்டை சுமக்க ஆண்கள். மூணாறு பக்கத்துத் தேயிலை, டாப் ஸ்டேஷன் என்ற இடத்தில் இருந்து கம்பியில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்த காலமும் உண்டு. தேயிலைக்குக் கம்பி வழி இருந்தது. மனிதனுக்குக் கால்நடைதான்!

இந்த மலை அடிவாரத்தில், தேவாரம், கோம்பை ஆகிய ஊர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது பண்ணைபுரம். இன்று தேனி மாவட்டம். 1996-ல் மாவட்டம் பிரியும் வரை அது மதுரை மாவட்டம்.

அங்கே ஒரு வீட்டில் வளர்ந்த பையன்களின் கதை இது. அவர்கள் படித்த பெரிய பள்ளிக்கூடம், அரசியல் கூட்ட மேடை.

கங்காணி வீட்டுப் பிள்ளைகள்

தகப்பனார் பெயர் டேனியல் ராமசாமி. எஸ்டேட்டில் கங்காணியாக இருந்தவர். தாயார் சின்னத்தாயம்மாள்.

பெயரைப் பாருங்கள். டேனியல் கிறிஸ்தவப் பெயர். ராமசாமி இந்துப் பெயர். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தன. பிள்ளைகளின் பெயரும் அப்படித்தான். ஒருவர் டேனியல் பாஸ்கர். அடுத்தவர் ஞானதேசிகன், வீட்டில் கூப்பிட்டது ராசையா. கடைசிப் பையன் அமர்சிங். வேதக் கோவிலும் மாரியம்மன் கோவிலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்த ஊர்களில் இப்படிப் பெயர் வைப்பது அதிசயம் அல்ல.

இவர்களுக்கெல்லாம் மூத்தவர், ராமசாமியின் முதல் மனைவிக்குப் பிறந்த வரதராசன். ‘பாவலர்’ என்பது ஊர் கொடுத்த பட்டம். பாட்டுக் கட்டுவார். கட்டியதை ஆர்மோனியம் வாசித்துத் தானே பாடுவார். கட்சி, கம்யூனிஸ்டு கட்சி.

கம்யூனிஸ்டு என்றாலே போலீஸ் தேடிய காலம் ஒன்று இருந்தது. 1940-களின் கடைசியில் சென்னை மாகாணத்தில் கட்சிக்குத் தடை. தலைவர்களில் பலர் சிறையில், மற்றவர்கள் தலைமறைவு. தடை நீங்கி, 1952 தேர்தலில் அதே கட்சி சென்னைச் சட்டசபையில் பெரிய எதிர்க்கட்சியாக வந்து உட்கார்ந்தது. ஊர் வேறு, சேரி வேறு என்று கோடு கிழித்து வைத்திருந்த நாளில், கூட்டத்தில் எல்லோரும் ஒரே மண்ணில் உட்கார வேண்டும் என்றது அந்தக் கட்சி. கூலிக்காரனுக்குச் சங்கம் வேண்டும் என்றது. மலை அடிவாரத்தில் அந்தப் பேச்சுக்குக் காது இருந்தது.

85 ரூபாய்ப் பெட்டி

பாவலரிடம் ஓர் ஆர்மோனியப் பெட்டி இருந்தது. கோயமுத்தூரில் 85 ரூபாய்க்கு வாங்கியது. அந்தக் கால 85 ரூபாய்!

அந்தப் பெட்டியைத் தம்பிகள் தொடக்கூடாது. தொட்டால் கையில் பிரம்படி விழும். இதை இளையராஜாவே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். (ஞானதேசிகன் என்ற ராசையாதான் இளையராஜா என்பதை வாசகர்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பார்கள்.) அண்ணன் வெளியே போன நேரம் பார்த்து, தம்பி பெட்டியைத் தொட்டான். அடி விழுந்தது. மறுபடியும் தொட்டான்.

கண்டிப்பான அண்ணன் என்று யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. பெட்டி கெட்டுப்போனால் அடுத்த கூட்டம் கிடையாது. கூட்டம் இல்லாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

ராசையாவின் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. வைகை அணை கட்டிய இடத்தில் கூலி வேலைக்குப் போனான். 1959-ல் திறக்கப்பட்ட அந்த அணைக்காக ஊர்கள் சில தண்ணீருக்குள் போயின. அப்படி முழுகிய மேட்டூர் என்ற சிற்றூரில் 1953-ல் பிறந்து, வடுகபட்டிக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தின் பிள்ளை, கவிஞர் வைரமுத்து. சேலத்து மேட்டூர் வேறு, இது வேறு. முழுகிய ஊர்களின் கதையைப் பின்னாளில் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ என்று எழுதி, 2003-ல் சாகித்ய அகாடமி பரிசு பெற்றார். ஒரு பையனுக்கு அந்த அணை கூலி கொடுத்தது. இன்னொரு பையனிடம் இருந்து ஊரை வாங்கிக்கொண்டது. இருவரும் பிறகு ஒரே சினிமாவில் சேர்ந்ததும் பிரிந்ததும் தமிழ்நாட்டுக்கே தெரிந்த கதை.

மலை ஏறிய பாட்டு

14 வயதில் ராசையா அண்ணனின் குழுவில் சேர்ந்தான். பாஸ்கர் தாளம் தட்டுவார். சின்னவன் அமர்சிங்குக்குப் பெண் குரல் நன்றாக வரும். கேள்வி கேட்கிற பெண்ணாக அவன் பாட, பதில் சொல்கிற ஆணாக அண்ணன் பாட, கூட்டம் சிரித்து உருளும். ‘பாவலர் பிரதர்ஸ்’ என்று பெயர்.

பாவலரின் முறை எளியது. ஜனங்களுக்குத் தெரிந்த மெட்டை எடுத்துக்கொள்வார். அது கும்மிப் பாட்டாக இருக்கும். சினிமாப் பாட்டாகவும் இருக்கும். வார்த்தையை மட்டும் மாற்றிவிடுவார். காதலன் காதலியை அழைத்த இடத்தில், கூலிக்காரன் முதலாளியிடம் கணக்குக் கேட்பான். மெட்டு ஏற்கனவே வாயில் இருப்பதால், ஒரு தடவை கேட்டாலே பாட்டு மனதில் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் காலையில் களை பறிக்கிற பெண் அதைப் பாடுவாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அதுதான் பத்திரிகை.

கூட்டம் ஆரம்பிக்கும் முன்னால் பாட்டு. தலைவர் வர நேரமானால் மீண்டும் பாட்டு. தலைவர் பேசி முடித்த பிறகும் ஜனங்கள் எழுந்து போகாமல், “பாவலரைப் பாடச் சொல்லுங்கள்!” என்பார்கள்.

மலைக்கு மேலே அப்போது பெரிய விவகாரம் ஒன்று நடந்துகொண்டிருந்தது.

1956-ல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தார்கள். தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. அங்கே தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். எல்லைக்கோடு மலை உச்சியில் விழுந்தது. அண்ணன் இந்தப் பக்கம், அக்காளைக் கட்டிக்கொடுத்தது அந்தப் பக்கம் என்று ஆன குடும்பங்கள் எத்தனையோ. “நாங்கள் யார்?” என்ற கேள்வி எஸ்டேட் லயன்களில் புகைந்துகொண்டிருந்தது.

1957-ல் கேரளத்தில் கம்யூனிஸ்டு ஆட்சி அமைந்தது. ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் முதல்-மந்திரி. சட்டசபையில் முதன்முதலாக உறுப்பினர் பதவி ஏற்றவர், தேவிகுளத்தில் ஜெயித்த ரோசம்மா புன்னூஸ் என்ற அம்மையார். ஆனால் அவருடைய தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. 1958-ல் இடைத்தேர்தல் வந்தது. மெலிந்த பெரும்பான்மையில் நின்ற மந்திரிசபை அது. ஒவ்வோர் இடமும் உயிர் மாதிரி.

தேவிகுளத்தில் ஓட்டுப் போடுகிறவர்கள் தமிழர்கள். மலையாளத்தில் பேசினால் எப்படி ஏறும்? பாவலர் மலை ஏறினார்.

தோட்டம் தோட்டமாகப் பாட்டு. இரவில், குளிரில், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில்! ரோசம்மா ஜெயித்தார். இந்த வெற்றிக்குப் பாவலரின் பாட்டே காரணம் என்று நம்பூதிரிபாட் பாராட்டினார் என்பது இன்றும் பள்ளத்தாக்கில் பெருமையோடு சொல்லப்படும் செய்தி. ராசையாவுக்கு அப்போது 15 வயதுகூட நிறையவில்லை.

மறு ஆண்டே, 1959 ஜூலையில், டெல்லி சர்க்கார் அந்த மந்திரிசபையைக் கலைத்தது. பாட்டால் ஜெயித்த ஆட்சி, ஒரு கையெழுத்தில் போயிற்று.

அங்கேயும் ஒரு 14 வயது

அரசியல் புயலுக்கு நடுவே பிள்ளைகள் வளர்வது உலகம் முழுவதும் நடக்கிறது. ஈரானில் மார்ஜான் சத்ரபி என்று ஒரு பெண். 1979-ல் அங்கே மன்னர் ஆட்சி கவிழ்ந்தபோது அவளுக்கு 10 வயது இருக்கும். பள்ளிக்கூடத்தில் திடீரென்று முக்காடு கட்டாயம். அவள் நேசித்த சித்தப்பா ஒரு கம்யூனிஸ்டு, அவரைக் கொன்றுவிட்டார்கள். 14 வயதில் பெற்றோர் அவளை வியன்னாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு அவள் தன் கதையைப் படக்கதையாக வரைந்தாள். ‘பெர்செபொலிஸ்’ என்ற அந்தப் புத்தகம் 2007-ல் சினிமாப் படமாக வந்து, கான் பட விழாவில் பரிசும் வாங்கியது.

அந்தப் பெண்ணை 14 வயதில் புரட்சி வீட்டை விட்டு விரட்டியது. பண்ணைபுரத்துப் பையனுக்கு 14 வயதில் அது ஒரு தொழிலைக் கற்றுக்கொடுத்தது. நம் ஊர்ப் புரட்சி துப்பாக்கி தூக்கவில்லை. ஓட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது. அந்த வகையில் நம் பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள்.

ஆனால் மனக் குழப்பம் இங்கேயும் குறைவில்லை. 1964-ல் நேரு இறந்தார். காங்கிரசைக் கிண்டல் செய்து பாடிய மேடையில் வளர்ந்த ராசையா, நேருவுக்காகக் கண்ணதாசன் எழுதிய இரங்கல் பாட்டுக்கு மெட்டுப் போட்டார். இசை அமைத்த முதல் பாட்டு அவருக்கு அதுதான்! அதே ஆண்டில் கம்யூனிஸ்டு கட்சி இரண்டாக உடைந்தது. நேற்று வரை ஒரே இலையில் சாப்பிட்டவர்கள் எதிரெதிர் மேடையில் நின்றார்கள். 1965-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டம். 1967-ல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. இளைஞர்களின் காது இப்போது வேறு மேடைப் பக்கம் திரும்பியிருந்தது.

ரேடியோ போயிற்று!

அந்த நாளில் பண்ணைபுரத்துக்குச் சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். பெயர் சின்னச்சாமி. தேனியை ஒட்டிய அல்லிநகரத்துக்காரர். வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் கணக்கு எடுப்பது உத்தியோகம், மனசெல்லாம் நாடகம். கதை எழுதுவார், நடிப்பார். பாவலர் வீட்டுத் தம்பிகளோடு ஒட்டிக்கொண்டார். பின்னாளில் ‘பாரதிராஜா’ ஆனவர் இவர்தான்.

அவர் முந்திக்கொண்டு சென்னைக்குப் போனார். தம்பிகளுக்கும் ஆசை. ஆனால் கையில் காசு ஏது?

வீட்டில் விலைபோகிற பொருள் என்று ஒன்றுதான் இருந்தது. ரேடியோ! சின்னத்தாயம்மாள் அதை 400 ரூபாய்க்கு விற்று, பணத்தைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தார். பாட்டுப் பாடப் போகிற பிள்ளைகளுக்காக, வீட்டில் பாடிக்கொண்டிருந்த பெட்டியை விற்ற தாய்!

எந்தக் கட்சி மேடையிலும் அந்த அம்மாளின் பெயர் சொல்லப்பட்டதில்லை. மூத்தவன் கொள்கைக்காக ஊர் ஊராகப் போனபோது, பசித்த வயிறுகளுக்குக் கஞ்சி காய்ச்சியவர் அவர். இந்தக் கதையில் பெரிய தியாகி யார் என்று கேட்டால், குடும்பம் நடத்துகிற பெண்களுக்குப் பதில் தெரியும்.

சென்னையில் பட்ட பாடு தனிக்கதை. தன்ராஜ் மாஸ்டரிடம் ராசையா மேல்நாட்டு சங்கீதம் கற்றார். ராசையாவை ‘ராஜா’ ஆக்கியவர் அவர். ‘இளைய’ என்பதைச் சேர்த்தவர் பட அதிபர் பஞ்சு அருணாசலம். 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தது. பிறகு நடந்தது ஊருக்கே தெரியும்.

அதைப் பார்க்கப் பாவலர் இல்லை. 1973-ல் அவர் காலமாகிவிட்டார். மூன்று ஆண்டு வித்தியாசம்.

பூணூலும் சிலுவையும்

மேடையில் கேட்டது சினிமாவில் திரும்பி வந்தது.

1981-ல் ‘அலைகள் ஓய்வதில்லை’. டைரக்‌ஷன் பாரதிராஜா, இசை இளையராஜா, தயாரித்தவர் அண்ணன் பாஸ்கர். கம்பெனியின் பெயர் என்ன தெரியுமா? ‘பாவலர் கிரியேஷன்ஸ்’! பிராமணப் பையனும் கிறிஸ்தவப் பெண்ணும் காதலிக்கும் கதை. கடைசியில் பையன் பூணூலை அறுக்கிறான். பெண் சிலுவையைக் கழற்றி எறிகிறாள். டேனியலும் ராமசாமியும் ஒரே பெயராக இருந்த வீட்டில் இருந்து இப்படி ஒரு படம் வந்ததில் வியப்பு என்ன?

1987-ல் பாரதிராஜா ‘வேதம் புதிது’ எடுத்தார். சாமி இல்லை என்று பேசுகிற பெரிய மனிதரைப் பார்த்து ஒரு சிறுவன் கேட்பான்: பெயருக்குப் பின்னால் இருக்கிறதே, அந்தச் சாதி, அது நீங்கள் படித்து வாங்கிய பட்டமா? தியேட்டரில் கைதட்டல் ஓய நேரம் ஆயிற்று. 1994-ல் ‘கருத்தம்மா’, பெண் சிசுக்கொலை பற்றிய படம். தன் மண்ணின் அழகைக் காட்டிய அதே டைரக்டர், அதன் அழுக்கையும் காட்டத் தயங்கவில்லை. ஊரைப் புகழ்ந்தே படம் எடுக்கிறவர்கள் நிறையப் பேர். இது வேறு துணிச்சல்.

கடைசித் தம்பி அமர்சிங், ‘கங்கை அமரன்’ என்ற பெயரில் பாட்டு எழுதினார், இசை அமைத்தார், 1989-ல் ‘கரகாட்டக்காரன்’ எடுத்து ஓகோ என்று ஓடச் செய்தார். பழைய நாட்களைப் புத்தகமாகவும் எழுதினார். பெயர் ‘பண்ணைபுரம் எக்ஸ்பிரஸ்’. தமாஷ் என்னவென்றால், பண்ணைபுரத்துக்கு ரெயிலே கிடையாது! மதுரையில் இருந்து 1928-ல் வந்த ரெயில் போடியோடு நின்றுவிட்டது. அதுவும் பாதையை அகலமாக்குவதற்காக 2011-ல் நிறுத்தப்பட்டு, 2023-ல்தான் மறுபடி போடிக்கு வந்து சேர்ந்தது.

சிவப்பு எங்கே போயிற்று?

செங்கொடி மேடையில் பாடிய தம்பிகள் பிறகு போன வழி வேறு. இளையராஜா ரமண மகரிஷியின் பக்தர் ஆனார். 2005-ல் திருவாசகத்துக்கு மேல்நாட்டு வாத்தியங்களோடு இசை அமைத்தார். 2022-ல் ஜனாதிபதியால் ராஜ்யசபைக்கு நியமிக்கப்பட்டார். கங்கை அமரன் பாரதீய ஜனதாவில் சேர்ந்து, 2017-ல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலுக்கு வேட்பாளராக நின்றார்.

இதைப் பார்த்து வருத்தப்பட்ட பழைய தோழர்கள் உண்டு. “அவரவர் மனசு அவரவருக்கு” என்று சொன்னவர்களும் உண்டு. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. சிறு வயதில் அண்ணன் பாடச் சொன்னதைப் பாடிய பையன், 60 ஆண்டு கழித்தும் அதையே பாட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் மேடைக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்து கேட்டார்களே, அந்த மலைக் கூலிகள்? அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்கவும் ஆள் வேண்டும் அல்லவா?

கேட்டது ஒரு படம். 2018-ல் வந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. டைரக்டர் லெனின் பாரதி. தயாரிப்பு விஜய் சேதுபதி. தேனிப் பக்கத்து மலையிலும் அடிவாரத்திலும் எடுத்தார்கள். நடித்தவர்களில் பலர் அந்தப் பகுதி மக்களே. இசை? இளையராஜா!

ரங்கசாமி என்ற கூலிக்காரன். மலைக்கும் அடிவாரத்துக்கும் சுமை தூக்குகிறான். ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும் என்பது ஆசை. சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் வாங்கிய ஏலக்காய் மூட்டை, மலைச் சரிவில் உருண்டு, வாய் பிளந்து, காய் அத்தனையும் சிதறி ஓடுகிறது. படம் பார்த்தவர்கள் அந்தக் காட்சியை மறக்கமாட்டார்கள். தொழிலாளிக்காகப் பேசும் சாக்கோ என்ற தோழரும் கதையில் வருகிறார். நல்ல மனிதர், கோபக்காரர். மேலே உள்ளவர்கள் விலைபோகும்போது அவரால் தாங்க முடியவில்லை.

படத்துக்கு மூன்று ஆண்டு முன்னால், நிஜ மலையிலும் ஒன்று நடந்தது. 2015 செப்டம்பர். மூணாறு தேயிலைத் தோட்டங்களில் போனசைக் குறைத்துவிட்டார்கள். கொழுந்து கிள்ளும் பெண்கள் சாலைக்கு வந்து உட்கார்ந்தார்கள்; பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். ‘பெண்கள் ஒற்றுமை’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். சமாதானம் பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களை, எந்தக் கட்சி என்று பார்க்காமல், “போங்கள்!” என்று திருப்பி அனுப்பினார்கள். 9 நாள் மறியல். 20 சதவீத போனஸ் பெற்றுக்கொண்டுதான் எழுந்தார்கள்.

1958-ல் பாவலர் பாடிக்கொண்டு ஏறிய அதே தேவிகுளத்து மலை. அன்று பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பாட்டுக் கேட்டவர்களின் பேத்திகள் அந்தக் கூட்டத்திலும் இருந்திருப்பார்கள்.

ரங்கசாமிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஒரு வழியாக நிலம் வாங்குகிறான். சிறைக்குப் போகிறான். விதைக் கடனிலும் உரக் கடனிலும் நிலம் கைமாறுகிறது. அதில் காற்றாலை முளைக்கிறது. கடைசிக் காட்சியில், தான் வாங்கிய அதே மண்ணில், காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு காவல்காரனாக உட்கார்ந்திருக்கிறான். தலைக்கு மேலே பெரிய இறக்கைகள் சுற்றுகின்றன. கேமரா மேலே மேலே போகிறது. கீழே அவன் சின்னப் புள்ளியாகத் தெரிகிறான்.